வேன்காரர் நீட்டும் மாத்திரை

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு சகோதரி எழுதுகிறார்: “ஐயா, என் மகளுக்கு ஏழு வயது. மலைப்பாதை என்றாலே வாந்திதான். போன வருடம் தாப்பா வழியாகக் கேமரன் மலைக்குப் போனபோது பாதி வழியில் ஆரம்பித்துவிட்டது. வேன் ஏற்பாடு செய்தவர் தன் பையிலிருந்து ஒரு மாத்திரை கொடுத்தார். விழுங்கியதும் மறுபடி வாந்தி. உடனே இன்னொன்று கொடுத்தார். அதற்கப்புறம் சாயந்திரம் வரை அவள் கண் திறக்கவில்லை. ஆசைப்பட்ட ஸ்ட்ராபெரி தோட்டத்தையும் பார்க்கவில்லை. வரும் பள்ளி விடுமுறையில் மறுபடி போகிறோம், இந்த முறை சிம்பாங் பூலாய் வழி. அவளுக்கு மாத்திரை கொடுக்கலாமா, எவ்வளவு கொடுப்பது? 71 வயது மாமனாரும் வருகிறார். அவருக்கும் வேனில் தலை சுற்றும். அதே மாத்திரையை அவருக்கும் கொடுத்துவிடலாமா?”

மகளுக்குக் கொடுக்கலாம். மாமனாரிடம் சிலவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் கொடுக்கக் கூடாது. வேன்காரர் கையிலிருந்து யாருமே வாங்கக் கூடாது. கடைசியில் சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன், எனக்குக் கோபம் அதில்தான்.

பினாங்கில் மருந்தாளராக இருபது வருடத்துக்கு மேல் கவுண்டரில் நிற்கிறேன். ஒவ்வொரு விடுமுறைக்கு முன்னும் யாராவது ஒரு டூர் ஏற்பாட்டாளர் வந்து “உபாட் மாபுக் ஐம்பது கொடுங்க” என்பார். உபாட் என்றால் மலாயில் மருந்து; மாபுக் என்றால் குடிபோதையும்தான், பயண மயக்கமும்தான். யாருக்கு, என்ன வயது, வேறு என்ன மருந்து சாப்பிடுகிறார்கள் என்று கேட்டால், “வேன்ல வர்றவங்களுக்குத்தான், சீக்கிரம் கொடுங்க” என்று பதில் வரும். நான் கொடுக்க மாட்டேன். அடுத்த கடையில் வாங்கிக்கொள்வார். அட்டையைக் கத்தரிக்கோலால் ஒவ்வொன்றாக நறுக்கிப் பையில் போட்டுக்கொள்வார். மருந்தின் பெயர் ஒரு துண்டில் பாதி, காலாவதித் தேதி இன்னொரு துண்டில் பாதி. போன மாதம் கிளினிக்கில் தனக்குக் கொடுத்த மிச்சமும் அதே பையில் கிடக்கும். உங்கள் மகளுக்கு அன்று கொடுத்தது எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம் என்று இன்றைக்கு அவரைக் கேளுங்கள். அவருக்கே தெரியாது.

பயண வாந்திக்குக் கொடுக்கும் மாத்திரைகள் பெரும்பாலும் ஆன்டிஹிஸ்டமின் வகை, அதாவது அலர்ஜிக்கும் சளிக்கும் கொடுக்கிற மருந்துக் குடும்பம். இந்த வகையில் பல மருந்துகள் நம் நாட்டின் 1952 ஆம் ஆண்டு விஷச் சட்டத்துக்குள் வருகின்றன. டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கலாம், ஆனால் மருந்தாளர் கையால்தான் வாங்க வேண்டும். நாலு கேள்வி கேட்டுவிட்டுக் கொடுப்பதற்குத்தான் அந்த ஏற்பாடு. அந்த நாலு கேள்வியைத் தாண்டிக் குதிக்கத்தான் இடையில் ஒரு ஆள் நுழைகிறார். இலவசமாகக் கொடுக்கிறார் என்று நன்றி வேறு சொல்கிறோம். அவருக்கு வேண்டியது உங்கள் பிள்ளையின் சுகமில்லை, அவருடைய சீட்டில் வாந்தி படக் கூடாது.

போன வருடம் நடந்தது இதுவாகத்தான் இருக்கும். முதல் மாத்திரை வாந்தியோடு வெளியே வந்ததா, உள்ளேயே தங்கியதா என்று யாரும் பார்க்கவில்லை. பாதி கரைந்திருக்கும். அதன் மேல் இன்னொன்று. ஆறேழு வயதுக் குழந்தைக்குப் பெரியவர்கள் அளவு. வாந்தி எடுத்தாள் என்பதற்காக உடனே அடுத்த மாத்திரை கொடுக்கவே கூடாது. அடுத்த வேளை வரும்வரை பொறுக்க வேண்டும். தட்டி எழுப்பியும் குழந்தை சரியாக விழிக்கவில்லை, மூச்சு மெதுவாக வருகிறது என்றால் அதைத் தூக்கம் என்று விட்டுவிடாமல் நேராக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். இந்த வகையைச் சேர்ந்த புரோமெதசின் மருந்தை இரண்டு வயதுக்குக் கீழே கொடுக்கவே கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004-இல் கட்டம் கட்டி எச்சரித்தது. மூச்சு அடங்கிப் போகும் ஆபத்துதான் காரணம். உங்கள் மகள் தப்பித்தது அவள் நல்ல நேரம்.

சரி, இந்த முறைக்கு வருவோம். உங்கள் மகளுக்கு டைமென்ஹைட்ரினேட் போதும். நம் ஊரில் நோவோமின் என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். வேறு பெயர்களிலும் இருக்கிறது. ஒரு மாத்திரை 50 மில்லிகிராம். ஆறு வயது முதல் பதினோரு வயது வரை ஒரு வேளைக்கு 25 முதல் 50 மில்லிகிராம், அதாவது அரை மாத்திரையிலிருந்து ஒன்று வரை. நீங்கள் அரையில் தொடங்குங்கள். அடுத்த வேளை தேவைப்பட்டால் ஆறிலிருந்து எட்டு மணி நேரம் கழித்து. 24 மணி நேரத்தில் 150 மில்லிகிராமைத் தாண்டவே கூடாது. சிரப்பாக வாங்கினால் ஐந்து மில்லியில் எத்தனை மில்லிகிராம் என்று கடையிலேயே கேட்டு, அங்கேயே சிரிஞ்சு வாங்கி அளந்து கொடுங்கள். சமையலறைக் கரண்டி வேண்டாம், ஒரு கரண்டி போல இன்னொன்று இருக்காது. வாங்கிய பெட்டியில் இதற்கு மாறான அளவு போட்டிருந்தால் பெட்டியில் உள்ளதையே பின்பற்றுங்கள்.

அளவைவிட அதிகம் தவறுவது நேரத்தில். காதுக்குள்ளே ஒரு சமநிலைக் கருவி இருக்கிறது. வேன் வளையும்போது அது “வளைகிறோம்” என்கிறது. கைப்பேசியில் பதிந்த கண் “அசையவே இல்லையே” என்கிறது. இந்தத் தகராறு மூளைக்குப் போய்ச் சேர்வதற்கு முன்னால் மருந்து ரத்தத்தில் இருக்க வேண்டும். குமட்டல் வந்துவிட்டால் வயிறு வேலையை நிறுத்திவிடும். விழுங்கிய மாத்திரை அப்படியே கிடக்கும், அல்லது வெளியே வரும். ஆகவே அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு முன்பே கொடுத்துவிட வேண்டும்.

பலர் விடியற்காலை வீட்டைப் பூட்டும்போதே கொடுத்துவிடுகிறார்கள். பட்டர்வொர்த்திலிருந்து சிம்பாங் பூலாய் வரை நெடுஞ்சாலைதான், இரண்டு மணி நேரம் போல ஆகும். அந்த நேரான ரோட்டில் மருந்தை வீணாக்குவானேன்? சுங்கை பேராக் ஓய்விடத்தில் கழிப்பறைக்கு நிறுத்துவீர்கள் அல்லவா, அங்கே கொடுங்கள். மெனோரா சுரங்கம் தாண்டி, ஈப்போ தாண்டி மலை ஏறத் தொடங்கும்போது மருந்து வேலை செய்யத் தயாராக இருக்கும். நெடுஞ்சாலையிலேயே வாந்தி எடுக்கும் பிள்ளை என்றால் மட்டும் வீட்டிலேயே கொடுங்கள். பாதையை மாற்றியதும் நல்ல யோசனை. தாப்பாவிலிருந்து மலைமேல் உள்ள தானா ராத்தா வரை ஏறக்குறைய 60 கிலோமீட்டரும் குடலைப் பிடுங்கும் வளைவுகள். சிம்பாங் பூலாய் ரோடு அகலமானது, வளைவும் கொஞ்சம் தாராளமாகத் திரும்பும்.

இன்னொன்று: பயணத்துக்கு முந்தைய வாரம், பள்ளி இல்லாத ஒரு நாளில், வீட்டில் அரை மாத்திரை கொடுத்துப் பாருங்கள். சில பிள்ளைகளுக்கு இந்த மருந்து தூக்கம் தராது, தலைகீழாக ஆட்டம் போட வைக்கும். அதை வேனுக்குள் வைத்துக் கண்டுபிடிக்க வேண்டாம்.

சளிக்கு எதையாவது கொடுத்துக்கொண்டிருந்தால் இதைச் சேர்க்காதீர்கள். தூக்கம் வர வைக்கும் சளி மருந்துகளும் இருமல் சிரப்புகளும் பல இதே குடும்பம்தான். பெயர்தான் வேறு வேறு. இரண்டும் சேர்ந்தால் போன வருடம் நடந்ததுதான் திரும்ப நடக்கும்.

‘வாந்தி மாத்திரை’ என்று பொதுவாகக் கேட்டு வாங்காதீர்கள். வயிற்றுக் கோளாறு வாந்திக்குக் கிளினிக்கில் கொடுக்கும் மெட்டோகுளோப்ரமைடு இருக்கிறதே, மாக்சலோன் என்று சொல்வார்கள், அது பயண வாந்திக்கு உதவாது. பிள்ளைகளுக்குக் கொடுத்தால் சிலருக்குக் கழுத்து கோணிக்கொள்ளும், கண் மேலே செருகும். பார்க்கும் பெற்றோர் வலிப்பு என்று பதறுவார்கள். வீட்டு அலமாரியில் அது எப்படி வந்தது? சின்ன பிளாஸ்டிக் பாக்கெட்டில், கோழி கிறுக்கிய எழுத்தில், “3 வேளை” என்று மட்டும் போட்டு வந்தது. இந்த நாட்டில் எழுதிக் கொடுப்பவரே விற்கவும் செய்யலாம். அதை மாற்ற வேண்டும், வேண்டாம் என்று மருத்துவர்களும் மருந்தாளர்களும் வருடக்கணக்காக இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். 2025 மே மாதத்திலிருந்து கிளினிக்கிலும் பார்மசியிலும் மருந்து விலையைக் காட்டி வைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. நல்லது. அந்தப் பாக்கெட்டின் மேல் மருந்தின் பெயரைப் படிக்கிற மாதிரி எழுதுங்கள் என்று யார் போய்ச் சொல்வது? நீங்களாவது கேளுங்கள், “டாக்டர், பேரு என்ன, எழுதிக் கொடுங்க” என்று. கேட்பது உங்கள் உரிமை.

இனி மாமனார். இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெரியப்பா ஒருவர் குடும்பத்தோடு லங்காவிக்குப் படகில் போனார். ஏறுவதற்கு முன் பக்கத்தில் இருந்தவர் கொடுத்த ஒரு மாத்திரை. தீவில் இறங்கியதும் மூக்கு ஒழுகுகிறது என்று ஒரு சளி மாத்திரை. திரும்பி வரும்போது மறுபடி பயண மாத்திரை. அன்று இரவு சிறுநீர் வரவில்லை. வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லவில்லை. விடியும்போது அடிவயிறு பானை மாதிரி வீங்கி, வலியில் கத்தத் தொடங்கினார். ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுத்தான் எடுத்தார்கள். குழாயோடு சில நாள் இருந்தார்.

காரணம் இதுதான். வயதான ஆண்களுக்குப் புரோஸ்டேட் சுரப்பி வீங்கிச் சிறுநீர்ப் பாதையை நெருக்கும். சிறுநீர்ப்பை பலமாக அழுத்தித்தான் தள்ளிக்கொண்டிருக்கும். இந்த மாத்திரைகள் அந்தப் பையின் அழுத்தும் சக்தியைத் தளர்த்திவிடும். வாசலும் குறுகல், தள்ளுவதற்கும் ஆளில்லை, அடைத்துக்கொள்கிறது. மூக்கடைப்புக்குக் கொடுக்கும் சூடோஎபிட்ரின் அந்த வாசலை இன்னும் இறுக்கும். கேமரன் மலைக் குளிரில் அடிக்கடி போக வேண்டியும் இருக்கும், மூக்கும் ஒழுகும், இரண்டு மாத்திரையும் சேர்ந்துவிடும். புரோஸ்டேட்டுக்கு ஏற்கனவே மருந்து சாப்பிடுகிறார், அதனால் பயமில்லை என்று நினைக்காதீர்கள். மருந்து சாப்பிடுகிறார் என்றாலே அந்தப் பிரச்சினை இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

மருமகளிடம் மாமனார் இதைச் சொல்ல மாட்டார். உங்கள் கணவரை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். இரவில் பல தடவை எழுந்து போகிறாரா? போனால் உடனே வராமல் நின்று காத்திருக்க வேண்டுமா? நூல் மாதிரி வருகிறதா? போய் வந்த பிறகும் மிச்சம் இருப்பது போல் இருக்கிறதா? இதில் ஒன்றுக்கு ‘ஆமாம்’ என்றாலும் இந்த மாத்திரை அவருக்கு வேண்டாம். கண் அழுத்த நோய் இருந்தாலும் வேண்டாம். எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்றாலும் எழுபது தாண்டியவருக்கு இந்த மருந்து தள்ளாட்டத்தையும் குழப்பத்தையும் தரக்கூடும். தானா ராத்தாவில் படி இறங்கும்போது விழுந்தால் இடுப்பெலும்பு போச்சு. முன் சீட்டை அவருக்குக் கொடுங்கள். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி, தூரத்து ரோட்டைப் பார்த்துக்கொண்டு வரட்டும். பலருக்கு அதுவே போதும். அப்படியும் முடியாது என்றால், வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் அவருடைய மருந்துகள் எல்லாவற்றையும் கொண்டுபோய்க் காட்டி, அங்கே கேட்டு வாங்குங்கள். ஓட்டுநருக்கும் இந்த மாத்திரை கூடாது. அதை அந்த வேன்காரரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். பின் சீட்டில் பீர் திறக்கும் மாமன் மச்சான்களுக்கும் கூடாது.

காதுக்குப் பின்னால் ஒட்டும் ஒட்டு இணையத்தில் பத்து வெள்ளிக்குப் பத்து கிடைக்கிறதே என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். உண்மையான ஹையோசின் ஒட்டு மூன்று நாள் வேலை செய்யும் பலமான மருந்து. அது குழந்தைக்குரியது இல்லை, பெரியப்பா கதை அதற்கும் பொருந்தும். பத்து வெள்ளிக்குப் பத்து என்றால் உள்ளே இருப்பது என்னவென்று ஒட்டுகிறவருக்கும் தெரியாது, விற்கிறவருக்கும் தெரியாது. எதை வாங்கினாலும் பெட்டியில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஒட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். பெட்டியே இல்லாமல் வருவதில் எதைப் பார்ப்பது?

மற்றபடி, மகளுக்குக் காலையில் நாசி லெமாக் வேண்டாம். காய்ந்த ரொட்டியோ இரண்டு பிஸ்கட்டோ போதும். கைப்பேசியைப் பிடுங்கி வைத்துவிடுங்கள். அசாம் பூய் (உப்பிட்டு உலர்த்திய பிளம்) வாயில் போட்டுக்கொள்வதால் கெடுதல் இல்லை. கோடாலித் தைலத்தைக் கைக்குட்டையில் தொட்டு முகரலாம், மூக்குக்குள் தடவ வேண்டாம். வேனில் கைக்குழந்தை இருந்தால் அதன் பக்கம் கொண்டு போகவே வேண்டாம். மலை இறங்கும் நாளிலும் அதே கணக்குதான்: பிரிஞ்சாங்கில் பெட்டி கட்டும்போது அரை மாத்திரை, வேனில் ஏறிய பிறகு இல்லை.