ஃபிட்னஸ் ஆப் தொடங்கி இரண்டு வருடம் ஆகிறது. விற்றுவிட்டு வெளியேற எப்போதிலிருந்து திட்டமிட வேண்டும்?

இன்றைக்கே தொடங்குங்கள், விற்கிற எண்ணம் மூன்று வருடம் கழித்துத்தான் என்றாலும் சரி. நான் பட்டுத் தெரிந்துகொண்டதால் சொல்கிறேன்.

நானும் நண்பனும் கும்பகோணத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருந்துகொண்டு, வீட்டிலேயே செய்கிற உடற்பயிற்சிகளைத் தமிழில் சொல்லித்தரும் ஆப் ஒன்றை நான்கு வருடம் நடத்தினோம். பெரிய நிறுவனம் ஒன்று வாங்க வந்தது. எங்கள் பக்கம் நிலம் வாங்குகிறவர் முதலில் வில்லங்கம் போட்டுப் பார்ப்பார், மூலப்பத்திரம் கேட்பார், பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருந்தால் அத்தனை வாரிசும் வந்து கையெழுத்துப் போடும்வரை அட்வான்ஸ்கூடத் தர மாட்டார். ஆப்புக்கும் அதேதான். அவர்களுடைய வக்கீல் முதலில் கேட்டதே, "ஆப்பின் கோடு, அதாவது புரோகிராம், எழுதினவர் அதன் உரிமையை உங்களுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாரா?" என்றுதான்.

இல்லை. எழுதியவர் மன்னார்குடிக்காரத் தம்பி, எங்கள் ஊழியர் இல்லை, வேலைக்கு இவ்வளவு என்று பேசிப் பணம் கொடுத்தோம், அவ்வளவுதான். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும், கையெழுத்து இருக்க வேண்டும். அவரோ அதற்குள் சிங்கப்பூர் போய்விட்டார். பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து முத்திரைத்தாளில் எழுதி வாங்கினோம், அவருடைய அம்மா கண்ணாடியைத் தேடி எடுத்து ஒவ்வொரு வரியும் படித்துவிட்டுத்தான் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். மறுபடி பேச்சு தொடங்கும்போது மார்ச். ஜனவரியில் புதுவருட ஆர்வத்தில் சேருகிறவர்கள் மார்ச்சில் காணாமல் போவது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். அந்த மாதக் கணக்கைக் காட்டியே விலையைக் குறைத்தார்கள்.

அப்புறம் வருடச் சந்தா. வங்கியில் கிடக்கிற அந்தப் பணம் முழுவதும் உங்களுடையது என்று நினைக்காதீர்கள். மீதி மாதங்களுக்குச் சேவை செய்யப்போகிறவர் வாங்குபவர், அதனால் அதை விலையில் கழிப்பார். பிளே ஸ்டோர் கணக்கு யாருடைய சொந்த ஜிமெயிலிலோ இருந்தால் கம்பெனி பெயருக்கு மாற்றிவிடுங்கள். பங்கு விஷயத்தில் ஒன்று, பங்குச் சந்தையில் பட்டியலிடாத பங்கை 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால்தான் வரிக் கணக்கில் அது நீண்டகால மூலதன ஆதாயம். தேதி குறிக்கும் முன் ஆடிட்டரைப் பாருங்கள்.

யாருக்கு விற்கிறோம் என்பதும் முக்கியம். விளையாட்டு உடை விற்கும் அமெரிக்க நிறுவனம் அண்டர் ஆர்மர், 2015இல் சாப்பாட்டுக் கணக்கு எழுதும் ஆப்பான மைஃபிட்னஸ்பாலை 47.5 கோடி டாலருக்கும், ஓட்டத்தைக் குறித்துவைக்கும் ஆப்பான எண்டோமோண்டோவை 8.5 கோடி டாலருக்கும் வாங்கியது. ஐந்து வருடத்தில் முதலாவதை 34.5 கோடிக்கு விற்றது, இரண்டாவதை 2020 முடிவோடு மூடிவிட்டது. வருடக்கணக்காக அதில் ஓட்டத்தைக் குறித்துவந்தவர்களை நினைத்துப் பாருங்கள். எங்கள் ஆப்பில் திருவிடைமருதூர் அக்கா ஒருவர் மூன்று வருடமாகத் தன் எடையையும் சர்க்கரை அளவையும் ஒரு நாள் விடாமல் எழுதிவந்தார். அவரை மனதில் வைத்துத்தான், ஆப்பை மூடுவதானால் 90 நாள் முன்பே சொல்ல வேண்டும், அவரவர் குறிப்பை அவரவர் இறக்கிக்கொள்ள வழி தர வேண்டும், சம்மதம் கேட்காமல் உடல்நலத் தகவலை வேறு எதற்கும் எடுக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொன்னோம். அதற்காக விலையில் இன்னும் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது, கொடுத்தோம். அக்கா இன்னும் அதில்தான் எழுதிக்கொண்டிருக்கிறார்.