பறவை ஆசையோடு சட்டமும் படிக்கட்டும்

வணக்கம் அம்மா. மகளுக்குப் பறவைகள் என்றால் உயிர், அமெரிக்காவின் தேசிய வனவிலங்குப் புகலிடங்களில்தான் வேலை பார்ப்பேன் என்கிறாள், பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். நல்ல ஆசைதான், தடுக்காதீர்கள். ஆனால் அந்த வேலையில் பாதி சட்டம் என்பது அவளுக்கு இப்போதே தெரிய வேண்டும்.

1903-இல் புளோரிடாவின் பெலிக்கன் தீவில் தொடங்கிய புகலிடங்கள் இன்று 560-க்கும் மேல். 1966-ஆம் ஆண்டுச் சட்டமும் 1997-இல் வந்த திருத்தமும்தான் இவற்றுக்கு அடிப்படை. வனவிலங்கின் நலன் முதலில், மற்றதெல்லாம் பிறகு என்பது அதன் சாரம்.

ஒரு புகலிட ஏரியில் ஜெட் ஸ்கீ விட அனுமதி கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மேலாளர் வாய்வார்த்தையாகச் சரி சொல்லிவிட முடியாது. புகலிடம் எதற்காக அமைந்ததோ அதற்கு இது இடைஞ்சலா என்று ஆராய்ந்து, காரணம் காட்டி எழுதி, பொதுமக்கள் கருத்தும் கேட்க வேண்டும். இந்தத் தீர்மானத்தைத்தான் 'கம்பேட்டிபிலிட்டி டிட்டர்மினேஷன்' என்கிறார்கள். பறவை எந்த மாதம் கூடு கட்டுகிறது, படகு எவ்வளவு நெருங்கினால் தாய்ப்பறவை முட்டையை விட்டு எழும் என்று தெரிந்தவரால்தான் அதை உருப்படியாக எழுத முடியும். அனுமதித்தாலும் 10 ஆண்டுக்குள் மறுபடி பரிசீலிக்க வேண்டும். உங்கள் மகளின் பறவை அறிவுக்கு உண்மையான மதிப்பு இங்கேதான்.

இன்னொன்று. அதே சட்டம் முன்னுரிமை தரும் ஆறு பயன்பாடுகளில் வேட்டையும் மீன்பிடிப்பும் உண்டு. முதலில் கசக்கும். வேலையில் சேர்ந்த பிறகு அதிர்வதைவிட இப்போதே பேசிவிடுங்கள். பக்கத்திலேயே தேசிய வனம் இருந்தால் அங்கே சட்டம் வேறு, மரம் வெட்டுவதற்கும் மேய்ச்சலுக்கும் இடம் உண்டு. பறவை அதேதான்.

படிப்பு விஷயத்தில் கவனம். புகலிட மேலாண்மை, கூட்டரசு வேலைகளில் 0485 என்ற எண் கொண்ட பணிப்பிரிவு. விலங்கியல், தாவரவியல் கிரெடிட்டுகளை எண்ணித்தான் தகுதி பார்ப்பார்கள். பறவைப் பித்தில் தாவரவியலை விட்டுவிடுகிற பிள்ளைகள் நிறைய. கூடவே சுற்றுச்சூழல் சட்டத்தில் ஒரு பாடமாவது எடுக்கட்டும். கூட்டரசு வேலை பெரும்பாலும் குடிமக்களுக்குத்தான். அவள் அங்கேயே பிறந்தவள் என்பதால் அந்தக் கவலை இல்லை.

இந்தக் கோடையில் ஏதாவது ஒரு புகலிடத்தில் தன்னார்வலராகச் சேரச் சொல்லுங்கள். போகுமுன் அந்த இடத்துக்கு எழுதப்பட்ட 'கம்பேட்டிபிலிட்டி' தீர்மானம் ஒன்றை முழுதாகப் படிக்கட்டும். படித்து முடித்து என்ன கேள்வி கேட்கிறாள் என்று எனக்கு எழுதுங்கள்.