உடும்புக்கு நரம்புக் கோளாறு வந்திருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது, என்ன செய்வது?

மூளையோ நரம்போ பாதித்து, உடம்புக்குப் போகிற கட்டளை தடுமாறுவதுதான் நரம்புக் கோளாறு. பல்பு நன்றாக இருந்தும் ஒயரில் பழுது இருந்தால் விளக்கு மினுக்கும் அல்லவா, அப்படித்தான்.

கால்விரல்களைப் பாருங்கள். சும்மா கிடக்கும்போதே விரல்நுனி துடித்தால் சுண்ணாம்புச் சத்துக் குறைவாக இருக்கலாம். எலும்பில்லாத கறியை மட்டுமே தின்று வளரும் உடும்புக்கு இது வரும். தலை ஒருபக்கம் சாய்வது, மல்லாந்தால் புரள முடியாதது, பின்னங்காலை இழுப்பது எல்லாம் தலையடி, பூச்சிமருந்து, கிருமித்தொற்று எதனாலும் வரலாம். பார்வையால் மட்டும் காரணத்தைச் சொல்லிவிட முடியாது.

மலேசியாவில் உறவினர் உரிமத்தோடு வளர்ப்பதென்றால் ஊர்வன பார்க்கும் மருத்துவரிடம் உடனே காட்டச் சொல்லுங்கள். இங்கே காரைக்குடிப் பக்கம், பூட்டிக் கிடக்கும் வீட்டு வளவில் தள்ளாடும் உடும்பைக் கண்டால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். 1972 வனவிலங்குச் சட்டப்படி அதை வளர்ப்பதே குற்றம். ஆள் வரும்வரை கிட்டே போகாமல், நாய் அண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும். வாயில் தண்ணீர் மட்டும் ஊற்றிவிடாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும்.

அப்புறம், மார்கழிக் காலையில் அசையாமல் கிடப்பதை வாதம் என்று பலர் நினைக்கிறார்கள். அது குளிர் ரத்தப் பிராணி, வெயில் ஏறினால் தானே ஓடிவிடும்.