அவன் பாட்டுக்கு விளையாடட்டுமே! (வாசகர் கேள்வி - பதில்)

கேள்வி: என் மகனுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. பள்ளி விட்டு வந்தால் அபாகஸ், இந்தி, கீபோர்டு என்று தினமும் ஏதாவது ஒரு வகுப்பு. லீவுக்கு வலங்கைமான் பக்கம் என் அம்மா வீட்டுக்குப் போனால் மட்டும் நாள் முழுக்கக் களத்திலும் தோப்பிலும் மண்ணும் புழுதியுமாக அலைகிறான். இந்த வருடம் சம்மர் கேம்ப்பில் சேர்த்தால் விளையாடிய மாதிரியும் இருக்கும், எதையாவது கற்றுக்கொள்ளவும் செய்வான் என்று பார்க்கிறேன். வீட்டுக்காரர் வேண்டாம் என்கிறார்.
- வாசகி, மன்னார்குடி

பதில்: வீட்டுக்காரர் சொல்வதுதான் சரி. (அவரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுவதும் காட்டாததும் உங்கள் இஷ்டம்.)

கேம்ப்பில் எதை ஆடுவது, எப்போது நிறுத்துவது, யார் ஜெயித்தது எல்லாவற்றையும் விசில் வைத்திருப்பவர் முடிவு செய்துவிடுவார். பிள்ளைக்கு அங்கே ஓடுகிற வேலை மட்டும்தான். அம்மா வீட்டில் பிள்ளைகள் கல்லா மண்ணா ஆடும்போது கொஞ்சம் திண்ணையில் உட்கார்ந்து காது கொடுத்துக் கேளுங்கள், ஆட்டத்தைவிடப் பஞ்சாயத்துதான் அதிகமாக இருக்கும். சிமெண்ட் களம் கல்லில் சேர்த்தியா மண்ணில் சேர்த்தியா, வைக்கோல் மேல் நின்றால் செல்லுமா என்று கத்துவார்கள், ஒருத்தன் கோபித்துக்கொண்டு காய் விட்டுப் போவான், ஆள் குறைகிறதே என்று கொஞ்ச நேரத்தில் அவர்களே பழம் விட்டுக் கூட்டி வருவார்கள். நாலு வயது வாண்டு ஒன்று நானும் வருவேன் என்று அழுதால் ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வார்கள். அதைத் தொட்டாலும் அவுட் கிடையாது, ஆனால் தானும் ஆட்டத்தில் இருப்பதாக அதற்கு ஒரே பெருமை. பெரியவர்கள் யாரும் சொல்லித் தராமலே இதைச் செய்கிறார்கள் பாருங்கள்!

ஆத்திரத்தை அடக்குவது, தன் முறை வரும்வரை காத்திருப்பது, திட்டம் பலிக்காவிட்டால் மாற்றி யோசிப்பது எல்லாம் இப்படித்தான் பழக்கத்துக்கு வருகின்றன. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு 2018-ல் வெளியிட்ட அறிக்கையில், முதல் இரண்டு வயதுக்குள் ஒவ்வொரு தடவை பரிசோதனைக்கு வரும்போதும் மருந்துச் சீட்டு மாதிரி விளையாட்டையும் எழுதிக் கொடுங்கள் என்று டாக்டர்களிடமே சொல்லியிருக்கிறது. வெயில் வெளிச்சத்தில் தினமும் வெளியே இருக்கிற பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வரும் வாய்ப்பு குறைகிறது என்பதும் ஆய்வுகளில் தெரிந்த விஷயம்தான். படித்தது மறந்துபோகுமோ என்று கவலையா? ராத்திரி படுக்கும்போது ஒரு கதைப் புத்தகம் வாசிக்கச் சொல்லுங்கள், போதும்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் 'அவன் பாட்டுக்கு' என்று விடக் கூடாது, அது தண்ணீர். கோடையில் ஆறு மணலாகத்தானே கிடக்கிறது என்று நாம் அசந்துவிடுவோம், மணல் எடுத்த குழியில் தேங்கி நிற்பது ஆளை முழுங்கிவிடும். வழக்கம்போல் ஜூன் 12-ல் மேட்டூர் திறந்துவிட்டால் அடுத்த சில நாளில் நேற்றுவரை நடந்து கடந்த வாய்க்காலிலும் தண்ணீர் ஓடும். ஆறு, குளம், மோட்டார் கொட்டகைப் பக்கம் பெரியவர் துணை இல்லாமல் போகக் கூடாது என்பதைக் கறாராகச் சொல்லிவையுங்கள். கேம்ப்புக்கு எடுத்து வைத்த காசில் நீச்சல் சொல்லிக் கொடுங்கள். அதற்கு மட்டும் மாஸ்டர் வேண்டும்.

கேள்வி: பேத்திக்கு நாலு வயது. செல்போனைப் பிடுங்கினால் 'போர் அடிக்குது தாத்தா' என்கிறாள். என்ன விளையாட்டு சொல்லிக் கொடுக்கலாம்?
- வாசகர், திருவாரூர்

பதில்: ஒன்றும் சொல்லிக் கொடுக்காதீர்கள் ஐயா. இந்த வயதில் திரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, குறைந்தது மூன்று மணி நேரம் ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-லேயே சொல்லிவிட்டது. தென்னை மரத்தடியில் உதிர்ந்த குரும்பையும் நாலு ஈர்க்குச்சியும் பக்கத்தில் போட்டுவிட்டு நீங்கள் பேப்பர் படியுங்கள். தேர் கட்டுவாளோ மாடு செய்வாளோ அவள் இஷ்டம், ஆனால் திருவாரூர்ப் பிள்ளை, அநேகமாகத் தேர்தான்! முதலில் உங்களையே சுற்றிச் சுற்றி வந்து சிணுங்குவாள். அந்த நேரம் செல்போனை மட்டும் எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள்.