நைஜர் டெல்டாவில் ஷெல்: கேட்ட கேள்விகளும் என் பதில்களும்

நைஜீரியாவின் நைஜர் ஆற்றுக் கழிமுகமான நைஜர் டெல்டாவில் ஷெல் எண்ணெய் நிறுவனம் எப்படி இயங்கியது, ஊர்களோடு அதன் உறவு ஏன் இவ்வளவு கசந்தது என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

எல்லாரும் ஷெல்லையே திட்டுகிறார்கள். நைஜீரிய அரசுக்குப் பங்கே இல்லையா?

இருக்கிறது, அதுவும் பெரிய பங்கு. நிலப்பகுதியிலும் ஆழமில்லாத கடலிலும் எண்ணெய் எடுத்த கூட்டு முயற்சியில் அரசு எண்ணெய் நிறுவனத்துக்கு 55 சதவீதம், ஷெல்லுக்கு 30, டோட்டலுக்கு 10, இத்தாலியின் அஜிப்புக்கு 5. ஆனால் குழாய் பதித்ததும் பராமரித்ததும் கசிந்தால் ஓட வேண்டியதும் ஷெல்தான். 1969 பெட்ரோலியச் சட்டப்படி மண்ணுக்கடியில் இருக்கும் எண்ணெய் முழுவதும் அரசின் சொத்து. 1978 நிலப் பயன்பாட்டுச் சட்டம் நிலத்தையும் மாநில ஆளுநர்களின் பொறுப்பில் வைத்துவிட்டது. அதனால் கிணறு தோண்டும் இடத்து விவசாயிக்கு எண்ணெயில் உரிமை கிடையாது. அவருக்குப் பயிருக்கும் மரத்துக்குமான ஈடு மட்டும்தான். கம்பெனியைக் கண்காணிக்க வேண்டிய அரசே அதில் பெரும்பங்குக் கூட்டாளி என்றால் கண்காணிப்பு எப்படி இருக்கும்?

கசிவுக்குக் காரணம் எண்ணெய்த் திருடர்கள்தானே? அதற்குக் கம்பெனியை ஏன் குறை சொல்ல வேண்டும்?

அதிகம் பேர் கேட்டது இதைத்தான். திருட்டு உண்மை. குழாயைத் துளைத்துக் கச்சா எண்ணெய் எடுத்து, காட்டுக்குள்ளேயே காய்ச்சி டீசல் ஆக்கி விற்கிறார்கள். அதனால் அழிந்த அலையாத்திக் காடுகளும் நிறைய. அதை மறைத்துப் பேசுகிறவர்கள் எழுதுவதை நான் நம்புவதில்லை.

ஆனால் நைஜீரியச் சட்டத்தில் மூன்றாம் ஆள் வேண்டுமென்றே உடைத்தால் கம்பெனி இழப்பீடு தர வேண்டியதில்லை. துரு, பழுது, கவனக்குறைவு என்றால் தர வேண்டும். ஆக, காரணம் என்ற இடத்தில் எழுதப்படும் ஒரு வார்த்தை ஒரு ஊரின் பிழைப்பையே முடிவு செய்கிறது. அதை எழுதுவது யார்? கசிவு நடந்ததும் கம்பெனி, அரசு அமைப்புகள், ஊர்ப் பிரதிநிதிகள் எல்லாரும் ஒன்றாகப் போய்ப் பார்ப்பார்கள். பெயர் கூட்டு ஆய்வு. ஆனால் நடைமுறையில் அளவிடும் கருவியும் குழாய் பற்றிய விவரங்களும் தொழில்நுட்ப ஆட்களும் பெரும்பாலும் கம்பெனியுடையவை. ஊர்க்காரர் கையெழுத்துப் போடுவார், அவ்வளவுதான்.

போடோ ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். 2008-இல் அங்கே இரண்டு பெரிய கசிவுகள். முதல் கசிவில் மொத்தமே 1,640 பீப்பாய் என்றது ஷெல்லின் கணக்கு. கசிவின் காணொளியைப் பார்த்த அமெரிக்கக் குழாய் நிபுணர்கள், ஒரு நாளைக்கே 1,440 முதல் 4,320 பீப்பாய் வரை போயிருக்கலாம் என்றார்கள். அது பல வாரம் ஓடிய கசிவு! பிறகு ஊர்க்காரர்கள் லண்டனில் போட்ட வழக்கில் தன் கணக்கு குறைவுதான் என்று ஷெல்லே ஒத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. 2015-இல் 5.5 கோடி பவுண்டுக்குச் சமரசம். அதில் 3.5 கோடி பவுண்டு 15,600 பேருக்கு, 2 கோடி பவுண்டு ஊர்ப் பொதுவுக்கு. முதலில் ஷெல் பேசிய தொகை சில ஆயிரம் பவுண்டுகள்தான்.

வழக்கெல்லாம் ஏன் லண்டனிலும் ஹேக்கிலும்?

ஷெல் பிரிட்டிஷ்-டச்சு நிறுவனமாக இருந்ததால் அங்கே வழக்குப் போட முடிந்தது. உள்ளூரில் தீர்ப்பு வாங்கவே பல ஆண்டுகள் ஆகும். வாங்கினாலும் அமலாகும் என்ற உறுதி இல்லை. 2005-இல் பெனின் நகர உயர் நீதிமன்றம், எண்ணெயோடு வெளிவரும் எரிவாயுவை வீணாக எரிப்பது மக்களின் வாழ்வுரிமையை மீறுவது என்று சொன்னது. அதற்குப் பிறகும் நெருப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது.

2021-இல் வந்த ஹேக் தீர்ப்பு சுவாரசியமானது. டச்சு நீதிபதிகள் பயன்படுத்தியது நைஜீரியச் சட்டத்தைத்தான். நாசவேலை என்று சொன்னால் போதாது, ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். ஒருமா, கோய் ஊர்களின் கசிவுகளில் ஷெல் நிரூபிக்கவில்லை என்றார்கள். மறு ஆண்டே 1.5 கோடி யூரோ தர ஷெல் சம்மதித்தது, பொறுப்பை ஏற்காமல்.

கென் சாரோ-விவா விஷயத்தில் ஷெல்லின் பங்கு என்ன?

எழுத்தாளரான சாரோ-விவா, நைஜர் டெல்டாவில் வாழும் ஒகோனி மக்களின் தலைவர். அவர் முன்நின்ற ஒகோனி இயக்கம் 1993 ஜனவரியில் மாபெரும் ஊர்வலம் நடத்தியது. அந்த ஆண்டே ஷெல் அங்கே எண்ணெய் எடுப்பதை நிறுத்தியது. 1995 நவம்பர் 10 அன்று சாரோ-விவாவையும் எட்டுப் பேரையும் அப்போதைய ஆட்சியாளர் அபாச்சாவின் ராணுவ அரசு தூக்கிலிட்டது. அரசின் ஒடுக்குமுறைக்கு ஷெல் துணைபோனது என்று குடும்பத்தினர் நியூயார்க்கில் வழக்குப் போட்டார்கள். 2009-இல் 1.55 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. குற்றச்சாட்டை ஷெல் கடைசிவரை மறுத்தது. விசாரணை நடக்காததால் நீதிமன்றத் தீர்ப்பு என்று எதுவும் இல்லை.

பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் கட்டித் தந்தார்களே?

தந்தார்கள். ஆரம்பக் காலத்தில் ஊர்த் தலைவரைக் கூப்பிட்டுப் பணம் கொடுப்பது, சத்தம் போடும் இளைஞர்களுக்குக் காவல் ஒப்பந்தம் கொடுப்பது என்றுதான் போனது. மிரட்டினால் காசு வரும் என்று ஊர் கற்றுக்கொண்டது. பக்கத்து ஊருக்குக் கிடைத்தது நமக்கு ஏன் இல்லை என்று சண்டை வந்தது. ஷெல் தானே ஏற்பாடு செய்து 2003-இல் வாங்கிய ஆய்வறிக்கையே, கம்பெனி நடந்துகொள்ளும் விதம் மோதலை வளர்க்கிறது என்றது.

2006-இலிருந்து பல ஊர்களைச் சேர்த்து ஒரே ஒப்பந்தம், சில ஆண்டுகளுக்கு முன்கூட்டியே நிதி, என்ன கட்டுவது என்பதை ஊர்களே முடிவு செய்வது என்று மாற்றினார்கள். முந்தையதைவிட நல்ல முறை, சந்தேகமில்லை. ஆனாலும் மீன் செத்துப்போன ஓடைக்கரையில் கட்டிய வகுப்பறை, மீனவருக்குப் பதில் ஆகாது.

2021 பெட்ரோலியத் தொழில் சட்டத்தில் ஊர்களுக்கு 3 சதவீதம் என்கிறார்கள். எதில் 3 சதவீதம்?

லாபத்தில் இல்லை, எடுத்த எண்ணெயின் மதிப்பிலும் இல்லை. கம்பெனியின் முந்தைய ஆண்டு இயக்கச் செலவில். அந்தப் பணம் ஊர்களுக்கான அறக்கட்டளைக்குப் போகும். எனக்கு உறுத்துவது வேறொரு பிரிவு: நாசவேலையாலோ கலவரத்தாலோ கருவிகள் சேதமானால் பழுது பார்க்கும் செலவை ஊரின் பங்கில் கழித்துக்கொள்ளலாம். இரவில் ஆயுதத்தோடு வரும் கும்பலுக்கு ஊர் ஜாமீன்!

ஷெல் விற்றுவிட்டுப் போய்விட்டதே, இனி யாரைக் கேட்பது?

முழுதாகப் போகவில்லை. நிலப்பகுதித் தொழிலை ரெனைசன்ஸ் என்ற கூட்டமைப்பு 2025 மார்ச்சில் வாங்கியது. போங்கா முதலான ஆழ்கடல் வயல்களை ஷெல் வைத்துக்கொண்டது. அங்கே பக்கத்து ஊர் என்று எதுவும் இல்லை. பழைய மாசுக்கு யார் பொறுப்பு என்பதுதான் இப்போதைய சண்டை. ஒகாலே, பில்லே ஊர்களின் வழக்கு லண்டனில் இன்னும் நடக்கிறது.

ஒகோனி நிலம் சுத்தமாகிவிட்டதா?

இல்லை. 2011 ஐ.நா. ஆய்வில் ஒகாலே பகுதிக் குடிநீர்க் கிணறுகளில் புற்றுநோய் உண்டாக்கும் பென்சீன், உலக சுகாதார அமைப்பின் வரம்பைப் போல 900 மடங்குக்கு மேல் இருந்தது. சுத்தமாக்கி முடித்தோம் என்று ஷெல் பதிவு செய்திருந்த 15 இடங்களைச் சோதித்தார்கள், 10 இடங்களில் மாசு மிச்சம். முழுதாக மீள 25 முதல் 30 ஆண்டு ஆகும் என்றது அறிக்கை. வேலை தொடங்கவே பல ஆண்டு இழுத்தார்கள்.

அங்கே மறுபடி எண்ணெய் எடுக்கப் போகிறார்களாமே?

அதிபர் டினுபு 2025-இல் ஒகோனித் தலைவர்களோடு பேச்சைத் தொடங்கினார். 1995-இல் தூக்கிலிடப்பட்ட சாரோ-விவா உள்ளிட்ட ஒன்பது பேருக்கும் அதே 2025 ஜூனில் மன்னிப்பு அறிவித்தார். குற்றமே செய்யாதவர்களுக்கு எதற்கு மன்னிப்பு, நிரபராதிகள் என்று அறிவியுங்கள் என்பது ஒகோனி தரப்பில் பலரின் கேள்வி. முதலில் நிலத்தைச் சுத்தம் செய்யுங்கள், எண்ணெய் பற்றி அப்புறம் பேசலாம் என்பவர்களும் இருக்கிறார்கள். நான் அவர்கள் பக்கம்.