உள்நாட்டுப் பொருளும் நிறுத்திய ஆர்.டி.யும்

கேள்வி: அன்றாடத் தேவைக்கு உள்நாட்டில் தயாரான பொருள்களை மட்டுமே வாங்குவது என்று நானும் என் கணவரும் தைப் பொங்கலன்று முடிவெடுத்தோம். அதன் பிறகு மாதச் செலவு 3,800 ரூபாய் கூடிவிட்டது. அதனால் அஞ்சலக ஆர்.டி.யில் கட்டிவந்த 3,000 ரூபாயை மூன்று மாதமாக நிறுத்தியிருக்கிறோம். நகைச் சீட்டு 5,000 ரூபாயை மட்டும் தவறாமல் கட்டுகிறோம். இன்னும் நான்கு தவணைகள் உள்ளன. இருவர் வருமானம் 58,000 ரூபாய், வங்கிக் கணக்கில் இருப்பு 40,000 ரூபாய். கொள்கையையும் விடாமல் சேமிப்பையும் தொடர வழி உண்டா? பார்கோடு 890 என்று தொடங்கினால் இந்தியத் தயாரிப்பு என்று நம்பலாமா?
— வாசகி, தூத்துக்குடி

பதில்: உங்கள் நோக்கத்தை மதிக்கிறேன், அதைக் கைவிடும்படி சொல்லப்போவதில்லை. ஆனால் நிறுத்த வேண்டியதைத் தொடர்ந்து, தொடர வேண்டியதை நிறுத்தியிருக்கிறீர்கள் என்பதை வருத்தத்தோடு சுட்டிக்காட்ட வேண்டியிருக்கிறது. நம் நாட்டு வீடுகளில் வாங்கும் பொருள்களிலேயே ஏறக்குறைய முழுவதும் இறக்குமதியை நம்பியிருப்பது தங்கம். கோலார் சுரங்கம் 2001-இல் மூடப்பட்டுவிட்டது. கர்நாடகத்தின் ஹட்டி சுரங்கத்தில் கிடைப்பது நாட்டின் தேவையில் மிகச் சிறு பங்கே. மாறாக, அஞ்சலகத்தில் நீங்கள் கட்டும் பணம் தேசிய சிறுசேமிப்பு நிதிக்குச் சென்று, அரசுக்குக் கடனாகப் பயன்படுகிறது. அசலுக்கும் வட்டிக்கும் அரசே பொறுப்பு. அதாவது, உள்நாட்டிலேயே தங்கியிருந்த 3,000 ரூபாயை நிறுத்திவிட்டு, வெளிநாட்டுச் சுரங்கத்துக்குப் போய்ச் சேரும் 5,000 ரூபாயை மாதந்தோறும் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

சுதேசி என்பதே முதலில் சேமிப்பைத் திரட்டும் காரியமாக இருந்ததை உங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் நினைவூட்டத் தேவையில்லை. 1906-இல் வ.உ.சிதம்பரனார் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கியபோது, 10 லட்சம் ரூபாய் மூலதனத்தை 25 ரூபாய்ப் பங்குகளாகப் பிரித்துத்தான் மக்களிடம் கொண்டு சென்றார்.

நகைச் சீட்டை இப்போது பாதியில் முறித்தால் கடைக்காரர் தருவதாகச் சொன்ன சலுகை கைநழுவும் என்பதால், மீதி நான்கு தவணைகளையும் கட்டி முடித்துவிடுங்கள். ஆனால் அடுத்த சீட்டில் சேராதீர்கள். பெண் குழந்தைக்காக நகை வேண்டும் என்றால், பெட்டியில் அணியாமல் கிடக்கும் பழைய நகைகளை மாற்றிச் செய்துகொள்ளலாம். அதற்குப் புதுத் தங்கம் இறக்குமதியாக வேண்டியதில்லை. கொடுப்பதற்கு முன் உங்கள் கண்முன்னே எடையும் தரமும் பார்க்கச் சொல்லுங்கள், கழிவு எவ்வளவு என்பதை எழுதி வாங்குங்கள், புது நகையில் ஹால்மார்க் முத்திரையோடு ஆறு இலக்க அடையாள எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

இனி 3,800 ரூபாய்க்கு வருவோம். நீங்கள் அனுப்பிய ரசீதுகளைப் பிரித்துப் பார்த்ததில், எண்ணெயில் 900 ரூபாயும், சோப்பு, பற்பசை, சலவைத்தூள் வகையில் 1,100 ரூபாயும், கூரியரில் வரவழைக்கும் சிறுதானிய பிஸ்கட், சத்துமாவு, நெய் ஆகியவற்றில் 1,800 ரூபாயும் கூடியிருக்கின்றன.

இவற்றுள் எண்ணெயை மாற்றியது மிகச் சரியான முடிவு. நாட்டின் சமையல் எண்ணெய்த் தேவையில் பாதிக்கு மேல் இறக்குமதியாகிறது. பாமாயில் பெரும்பாலும் இந்தோனேசியா, மலேசியாவிலிருந்தும், சூரியகாந்தி எண்ணெய் ரஷ்யா, உக்ரைன் போன்ற நாடுகளிலிருந்தும் வருகின்றன. எந்த இந்திய நிறுவனத்தின் பெயரில் பாக்கெட் வந்தாலும் உள்ளிருக்கும் எண்ணெய் அங்கிருந்து வந்ததாக இருக்கலாம். கடலை, எள், தேங்காய் எண்ணெய்களுக்கு மாறுவதே இதற்கு வழி. ஆனால் அது மரச்செக்கு எண்ணெயாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஊர் மில்லில் ஆட்டி வடிகட்டிய கடலை எண்ணெயும் நம் நிலத்துக் கடலைதான். நீங்கள் எழுதியுள்ள விலைப்படி, சூரியகாந்தி எண்ணெயைவிடச் செக்கு எண்ணெய் லிட்டருக்கு 180 ரூபாயும், மில் எண்ணெய் 80 ரூபாயும் அதிகம். மாதம் 5 லிட்டருக்கு 500 ரூபாய் மிச்சமாகும்.

சோப்பு, பற்பசை விஷயத்தில், நிறுவனத்தின் உரிமையாளர் யார் என்பதையும் பொருள் எங்கே தயாராகிறது என்பதையும் ஒன்றாக எண்ணிவிட்டீர்கள். வெளிநாட்டுத் தாய் நிறுவனத்தைக் கொண்ட சோப்பு இங்குள்ள ஆலையில் தயாரானால், லாபத்திலும் உரிமத்தொகையிலும் ஒரு பகுதி வெளியே போவது உண்மை; ஆனால் கூலியும் வரியும் இங்கேயே தங்குகின்றன. மறுபுறம், இந்தியப் பெயர் பெரிதாக அச்சிட்ட மின்விசிறியின் பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் பொடி எழுத்தில் ‘தயாரிப்பு: சீனா’ என்று இருப்பதும் உண்டு. வேலைவாய்ப்பே உங்கள் அக்கறை என்றால், தயாராகும் இடத்தை அளவுகோலாகக் கொள்வதே சரி என்பது என் தீர்மானமான கருத்து. பழைய பிராண்டுகளுக்குத் திரும்பினால் 1,100 ரூபாய் மிச்சமாகும். ஊரிலேயே தயாராகும் சோப்பு அதே விலைக்குக் கிடைத்தால் தாராளமாக அதையே வாங்குங்கள்.

890 என்ற எண்ணை நம்பாதீர்கள். அந்த நிறுவனம் இந்தியாவிலுள்ள ஜிஎஸ்1 அமைப்பிடம் பதிவு செய்து பார்கோடு பெற்றிருக்கிறது என்பதை மட்டுமே அது காட்டும். பொருள் எங்கே தயாரானது என்பதைச் சொல்லாது. நம்ப வேண்டியது பின்பக்க விவரத்தை. பொட்டலப் பொருள்களுக்கான 2011-ஆம் ஆண்டு விதிகளின்படி தயாரித்தவர், பொட்டலமிட்டவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும், இறக்குமதிப் பொருளாயின் அது தயாரான நாட்டின் பெயரும் இருக்க வேண்டும். ‘சந்தைப்படுத்துபவர்’ என்ற வரியில் காணும் ஊர், தயாரான ஊர் அல்ல.

கூரியர் பொருள்களில் நீங்கள் கூடுதலாகக் கொடுப்பது பெரும்பாலும் அனுப்புக் கட்டணமும் அலங்கார டப்பாவின் விலையும்தான். கம்பும் கேழ்வரகும் உங்கள் ஊர் மளிகைக் கடையில் கிடைக்கும். வாங்கி அரைத்துக்கொண்டால் அந்த 1,800 ரூபாய் 400 ரூபாயாகக் குறையும். துணிக்குக் கோ-ஆப்டெக்ஸ் இருக்கிறது. தீபாவளித் தள்ளுபடிக் காலத்தில் வாங்கினால் கைத்தறியும் கட்டுப்படியாகும். பெட்ரோலுக்கான கச்சா எண்ணெயும் சமையல் எரிவாயுவும் பெருமளவு இறக்குமதிதான் என்றாலும், உடனடி மாற்று இல்லாதபோது அதற்காக மனம் வருந்த வேண்டாம். நன்றாக ஓடும் மிக்ஸியையோ கைபேசியையோ வெளிநாட்டுத் தயாரிப்பு என்பதற்காக மாற்றவும் வேண்டாம்.

இவ்வாறு மாற்றினால் மாதம் 3,000 ரூபாய் மீள்கிறது. கொள்கைக்காக நீங்கள் கூடுதலாகத் தருவது 800 ரூபாயாக நிற்கும். உங்கள் வருமானம் அதைத் தாங்கும். அந்த 3,000 ரூபாய், 6.7 சதவீத வட்டியில் ஐந்தாண்டு ஆர்.டி.யில் ஏறத்தாழ 2,14,000 ரூபாயாகும்.

அவசரம் ஒன்று உண்டு. தொடர்ந்து நான்கு தவணைகள் தவறினால் ஆர்.டி. கணக்கு முடங்கும், அதன்பின் இரண்டு மாதங்களுக்குள் புதுப்பிக்காவிட்டால் மேற்கொண்டு பணம் கட்ட இயலாது. நீங்கள் மூன்றைத் தவறவிட்டிருக்கிறீர்கள். வங்கி இருப்பிலிருந்து 9,000 ரூபாயையும் நூறு ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய் வீதமான அபராதத்தையும் எடுத்துக்கொண்டு இந்த மாதமே அஞ்சலகத்துக்குச் செல்லுங்கள். பாக்கித் தவணைகளை அடைத்த பிறகே நடப்பு மாதத் தவணையை வாங்குவார்கள் என்பதால், அந்த 3,000 ரூபாயையும் சேர்த்தே எடுத்துச் செல்லுங்கள்.