சோக் எடுத்தால் அணைகிறதா?

கேள்வி: தென்னந்தோப்பில் களை வெட்ட டூ ஸ்ட்ரோக் பிரஷ் கட்டர் வைத்திருக்கிறேன். நான்கு மாதம் சும்மா கிடந்தது. இப்போது சோக் போட்டால் ஓடுகிறது; எடுத்ததும் அணைந்துவிடுகிறது. பிளக்கை இரண்டு முறை மாற்றியாயிற்று. கார்புரேட்டரையே மாற்றச் சொல்கிறார் கடைக்காரர். மாற்றட்டுமா?
- வாசகர், ஆனைமலை

பதில்: அவசரப்படாதீர்கள் ஐயா. சோக்கில் ஓடுகிறது என்றாலே பிளக் மேல் குற்றமில்லை. சோக் காற்றை அடைக்கிறது, அந்த இழுப்பில் பெட்ரோல் கூடுதலாக வருகிறது. ஆக, உங்கள் எஞ்சினுக்குப் பெட்ரோல் போதவில்லை. அடைப்பை டேங்கிலிருந்து தேடிக்கொண்டு வாருங்கள்.

பழைய பெட்ரோலை முதலில் வடித்துவிடுங்கள். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. கிடக்கக் கிடக்க ஈரம் இழுக்கும். புதுப் பெட்ரோல் லிட்டருக்கு எத்தனை மில்லி டூ-டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான ஆயில்) கலப்பது என்று மெஷினோடு வந்த புத்தகத்தில் இருக்கும். 50-க்கு 1 என்றால் 20 மில்லி, 25-க்கு 1 என்றால் 40 மில்லி. கண்ணளவு வேண்டாம்.

அடுத்து, டேங்குக்குள் குழாய் நுனியில் ஒரு சின்ன ஃபில்டர் தொங்கும். கம்பியை வளைத்துக் கொக்கி போட்டு வெளியே இழுங்கள். கறுத்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

எனக்குச் சந்தேகம் டயாப்ரம் மேல்தான். கார்புரேட்டரின் மூடியைக் கழற்றினால் மெல்லிய சவ்வு ஒன்று இருக்கும். கொழுந்து வெற்றிலை மாதிரி துவள வேண்டும். உங்களுடையது வாழைச்சருகு மாதிரி விறைத்திருக்கும், பாருங்கள். எது மேல், எது கீழ் என்று செல்போனில் படம் எடுத்துவிட்டுக் கழற்றுங்கள். பழசைக் கையோடு கொண்டுபோய் ரிப்பேர் கிட் கேளுங்கள். மாடலுக்கு மாடல் மாறும். கார்புரேட்டர் விலையோடு பார்த்தால் இது சொற்பம்.

துளைகளில் கார்புரேட்டர் கிளீனர் அடியுங்கள்; ஊசி, ஊக்கு எதுவும் விடாதீர்கள். தொழில் பழகிய புதிதில் நான் ஊக்கால் குத்தி ஜெட்டை, அதாவது பெட்ரோல் வரும் சின்னத் துளையைப் பெரிதாக்கிவிட்டேன். பட்டறைக்காரர் அந்த மாசக் கூலியில் பிடித்துக்கொண்டார்!

இனி நிறுத்தி வைப்பதானால் டேங்கைக் காலி செய்து, தானாக அணையும்வரை ஓடவிட்டு வையுங்கள்.

கிட் மாற்றியும் அதே கதை என்றால், கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவே உள்ள கேஸ்கட்டில் காற்று இழுக்கிறதா பாருங்கள். அதுவும் இல்லை என்றால்தான் கடைக்காரர் சொன்ன கார்புரேட்டர்.